சுவரில் கோடு, அலை, துளை: வளையும் கரண்டியில் வரும் கோளாறுகளும் தீர்வும்

பட்டி பார்த்த சுவர், அதாவது பெயின்டுக்கு முன் வெள்ளைப் பசை பூசி வழவழப்பாக்கிய சுவர், பகலில் ஒரு குறையும் இல்லாமல் நிற்கும். சாயங்காலம் விளக்கைப் போட்டதும் அதே சுவரில் கோடு கோடாக நிழல் விழும். கூரையோரம் எல்.இ.டி. பட்டை விளக்கு வைத்த வீடுகளில் இது இன்னும் மோசம். வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டே கீழே இறங்குவதால் அரை மில்லிமீட்டர் மேடுகூட நிழல் போட்டுவிடும். கிரகப்பிரவேசத்தன்று மாலையில் வீட்டுக்காரர் முகம் வாடிப்போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உடனே எல்லாரும் பட்டியைக் குறை சொல்வார்கள், அடுத்து பெயின்டை. எந்தக் கரண்டியால் இழுத்தீர்கள், எப்போது இழுத்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பாதிக் கோளாறுக்கு விடை அந்த இரண்டு கேள்விகளில்தான் இருக்கிறது.

நான் இங்கே பேசுவது கொத்தனார் சாந்து அள்ளி வீசும் இலை வடிவக் கரண்டியைப் பற்றி அல்ல. சிமென்ட் பூச்சைத் தேய்த்துச் சமன் செய்யும் மணியாஸ் கட்டையைப் பற்றியும் அல்ல. பட்டிக்கும் ஜிப்சம் பூச்சுக்கும் கடைசி இழுப்பு இழுக்கிற மெல்லிய எஃகுத் தகடு. பெயின்டர்கள் கையில் 4 முதல் 8 இன்ச் வரை அகலமுள்ள பட்டித் தகடாக இருக்கும். ஜிப்சம் ஆட்கள் கையில் 14, 16 இன்ச் நீளத்தில், முதுகில் பட்டையும் பிடியும் வைத்த செவ்வகக் கரண்டியாக இருக்கும். தகட்டின் கனம் 0.3 மி.மீ. என்றால் நன்றாக வளையும். 0.5 ஓரளவு வளையும். 0.7-க்கு மேலே போனால் விறைப்பு கூடி, 1 மி.மீ.யில் அநேகமாக வளைவதே இல்லை.

வளையும் தகடு சுவரை வழவழப்பாக்கும், மட்டமாக்காது. கீழே எழுதியிருப்பதில் பெரும்பாலானவை இதை மறந்ததால் வருபவைதான்.

முதலில் சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் ஒரு டார்ச்சையோ செல்போன் விளக்கையோ சுவரோடு ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பிறகு 6 அடி அலுமினிய மட்டக்கோலைச் சுவரில் நெடுக்காகவும் குறுக்காகவும் குறுக்குமூலையாகவும் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். கோலுக்கு அடியில் இடைவெளி தெரிந்தால் அது அலை. கோல் சரியாகப் படிந்தும் டார்ச் வெளிச்சத்தில் நிழல் விழுந்தால் அது கோடு அல்லது தடிப்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்குவதால்தான் பலருக்கு ஒரு நாள் வேலை இரண்டு நாளாகிறது.

சுவரில் அலை தெரிகிறது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருத்தச் செலவு அதிகம் பிடிக்கும் கோளாறு இதுதான்.

மெல்லிய தகட்டைச் சுவரில் அழுத்தினால் அது சுவரின் உருவத்துக்கே வளைந்துகொடுக்கும். பள்ளத்தில் தகடும் பள்ளமாகும், மேட்டில் மேடாகும். அடியில் இருக்கிற பூச்சு கோணலாக இருந்தால், அந்தக் கோணலை அப்படியே வைத்து மேலே வெள்ளையும் வழவழப்பும் கொடுக்கும். போதாததற்கு, அகலமான தகட்டின் நடுவில் விரல் வைத்து அழுத்தினால் நடுப்பகுதி மட்டும் ஆழமாக உள்ளே போய், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு லேசான வாய்க்கால் விழும். பக்கத்துப் பக்கத்தில் பத்து வாய்க்கால் விழுந்தால் அதுதான் அலை.

எனக்கே இது நடந்தது. 14 அடி நீள ஹால் சுவர். கையில் புதிதாக வாங்கிய 0.3 மி.மீ. கரண்டி. இறகு மாதிரி எடையே இல்லை, இழுத்தால் பட்டி வெண்ணெயாகப் பரவியது. அந்தச் சுகத்தில் முதல் கோட்டையும் (கோட்டு என்றால் ஒரு தடவைப் பூச்சு) அதிலேயே போட்டேன், இரண்டாவதையும் அதிலேயே போட்டேன். பெயின்டுக்கு அடிப்பூச்சான ப்ரைமர் அடித்த பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் தரையிலிருந்து கூரை வரை அலை. அந்தச் சுவரை மறுபடி செய்து கொடுத்தபோது கற்றுக்கொண்ட முறையைத்தான் இன்றும் செய்கிறேன்.

மட்டத்தைப் பட்டிக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். சிமென்ட் பூச்சு உலர்ந்ததும் மட்டக்கோலை வைத்து, பள்ளமான இடங்களைப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். 2, 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் வெள்ளைப் பட்டியால் நிரப்ப நினைக்காதீர்கள். சிமென்ட் பட்டியின் முழுக் கனமே மொத்தம் 1 முதல் 1.5 மி.மீ. வரைதான் இருக்கலாம். ஆழமான பள்ளத்துக்கு சன்னமான சாந்தோ, அதற்கென்றே விற்கிற கனமான நிரப்புப் பட்டியோ வைத்து, விறைப்பான கோலால் சீவி எடுக்க வேண்டும். அதன்மேல் முதல் கோட்டை 0.7 அல்லது 1 மி.மீ. விறைப்புத் தகட்டால் போடுங்கள். அது மேட்டைச் சீவி, பள்ளத்தில் பட்டியை விட்டுவிட்டுப் போகும். இரண்டாவது கோட்டுக்குத்தான் வளையும் தகடு. முதல் கோட்டை கீழிருந்து மேலாக இழுத்திருந்தால் இரண்டாவதைக் குறுக்காக இழுங்கள். ஒரு திசையில் விழுந்த மேட்டை அடுத்த திசை வெட்டும்.

அலை ஏற்கெனவே விழுந்துவிட்ட சுவருக்கும் இதுதான் வழி. உப்புத்தாள் சுற்றிய வெறும் கையால் தேய்த்தால் கையும் அலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். தட்டையான நீளக் கட்டையில் உப்புத்தாளை மாட்டி மேடுகளை மட்டும் குறைத்துவிட்டு, விறைப்புத் தகட்டால் ஒரு கோட்டு, பிறகு வளையும் தகட்டால் ஒரு கோட்டு. தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். வாசலில் கிடக்கிற பழைய துண்டு போதாது, தூசிக்கான முகக்கவசமே வேண்டும்.

கோடு விழுகிறது

கோடு எப்படி இருக்கிறது என்று உற்றுப் பார்த்தால் அதுவே காரணத்தைச் சொல்லிவிடும்.

ஒவ்வொரு இழுப்பிலும் தகட்டின் ஒரே இடத்தில் கோடு வந்தால் விளிம்பில் பல் (சின்ன வெட்டு) விழுந்திருக்கிறது. கட்டை விரல் நகத்தை விளிம்பின் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். எங்கே தட்டுகிறதோ அங்கேதான். 400 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) கண்ணாடித் துண்டின்மேல் விரித்து, தண்ணீர் தெளித்து, தகட்டின் விளிம்பை அதன்மேல் நேராக வைத்துத் தேய்த்தால் சின்னப் பல் போய்விடும். பெரிய பல் என்றால் அந்தத் தகட்டைச் சுரண்டும் வேலைக்கு ஒதுக்கிவிடலாம்.

இழுப்பின் இரண்டு ஓரத்திலும் ரயில் தண்டவாளம் மாதிரி கோடு வந்தால் மூலைகள் கூர்மையாக இருக்கின்றன, அல்லது உங்கள் கை ஒரு பக்கம் சாய்கிறது. புதுத் தகட்டில் இது சாதாரணம். இரண்டு மூலைகளையும் வாட்டர் பேப்பரில் லேசாக உருட்டித் தேய்த்து மழுக்குங்கள். அதிகம் வேண்டாம், நகத்தின் முனை வளைவு அளவுக்குப் போதும். கை சாய்வதற்கு மருந்து: முந்தைய இழுப்பின்மேல் மூன்றில் ஒரு பங்கு ஏறுகிற மாதிரி அடுத்ததை இழுங்கள், ஈரமான பக்கத்தில் இருக்கிற ஓரத்துக்கு அழுத்தத்தைச் சற்றே குறையுங்கள்.

கோடு எங்கோ நடுவில் தொடங்கி வால் மாதிரி நீண்டு போனால் அது மணல் துகள் அல்லது காய்ந்த பட்டிக் கட்டி. தகட்டைக் குறை சொல்ல வேண்டாம், பக்கெட்டைப் பாருங்கள். பக்கெட் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருக்கிற பொருக்கு உள்ளே விழுந்திருக்கும். சுவரையும் பாருங்கள். பி-சாண்டில் (பூச்சு வேலைக்கான உடைகல் மணல்) பூசிய சுவரை பட்டிக்கு முன்னால் கல்லாலோ முரட்டு உப்புத்தாளாலோ ஒரு முறை தேய்த்து, துடைப்பத்தால் பெருக்கி விடாவிட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு மணல் உருண்டு வரும்.

தகடு இழுபடுகிறது, பட்டியைப் பிய்க்கிறது

கையில் தகடு வழுக்கிப் போகாமல் விக்கி விக்கிப் போகும். பின்னால் கிழிந்த மாதிரி தழும்பு நிற்கும். பெரும்பாலும் காய்ந்த சுவர் பட்டியிலிருக்கிற தண்ணீரைக் குடித்திருக்கிறது. சிமென்ட் பட்டி போடுவதற்கு முன் சுவரை நனைக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் மேற்குப் பார்த்த சுவருக்கு ஒரு முறை தெளித்தால் போதாது. தெளித்து, அது உள்ளே இறங்கி, மறுபடி தெளித்து, மேலே தண்ணீர் மின்னாமல் ஈரம் மட்டும் இருக்கும்போது ஆரம்பிக்க வேண்டும். டப்பாவில் குழைவாகவே வருகிற அக்ரிலிக் பட்டிக்கு இந்த நனைப்பு வேண்டாம். அதற்கு உலர்ந்த சுவரும் ப்ரைமரும்தான்.

இன்னொரு காரணம் கோணம். பட்டியை எடுத்துச் சுவரில் வைக்கும்போது தகடு சுமார் 45 பாகை நிமிர்ந்து நிற்கலாம். கடைசி இழுப்பில் 15, 20 பாகைக்குப் படுத்துவிட வேண்டும். மெல்லிய தகட்டை நிமிர்த்தி அழுத்தினால் அது வளைந்து, துள்ளி, விட்டுவிட்டுக் கடிக்கும். சுவரில் படிப்படியாகத் தழும்பு தெரிந்தால் இதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கலந்து இரண்டு மூன்று மணி நேரம் ஆன பட்டி என்றால் கொட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் கைக்கு இளகும், ஆனால் சுவரில் பலம் இருக்காது. பிறகு பொடியாக உதிரும். ஒரு நேரத்தில் தீர்க்கக்கூடிய அளவை மட்டும் கலப்பதுதான் சிக்கனம்.

ஊசித் துளைகளும் குமிழ்களும்

துளைக்குக் காரணம் காற்று. டிரில் மெஷினில் கலக்கியை மாட்டி வேகமாக அடித்தால் பட்டிக்குள் காற்று நுரையாக ஏறும். மெதுவான வேகத்தில் கலந்து, 5 முதல் 10 நிமிடம் அப்படியே விட்டு, கையால் இன்னொரு முறை கிளறுங்கள். பழைய பெயின்ட் மேலேயோ வழவழப்பான கான்கிரீட் மேலேயோ போடும்போதும் குமிழ் கிளம்பும். அங்கே முதலில் காகிதம் போல மெல்லிய கோட்டை விறைப்புத் தகட்டால் அழுத்தித் தேய்த்து, அது இறுகியதும் அடுத்த கோட்டுக்குப் போக வேண்டும். குமிழ் கிளம்பிய உடனே தகட்டால் அமுக்கினால் பக்கத்தில் போய்த் தலைதூக்கும். சற்றுப் பொறுத்து, பட்டி விரலில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் வளையும் தகட்டைப் படுக்க வைத்து ஒரே இழுப்பாக இழுத்தால் துளை மூடிக்கொள்ளும்.

வெள்ளைச் சுவரில் கறுப்புத் தீற்றல்

இறுகிப்போன பட்டியை எஃகுத் தகட்டால் திரும்பத் திரும்பத் தேய்த்தால் எஃகு தேய்ந்து சுவரில் பென்சில் கோடு மாதிரி கறுப்பு ஏறும். மினுமினுப்பு வரட்டும் என்று ஆசைப்பட்டுத் தேய்ப்பவர்களுக்கே இது அதிகம் வரும். சன்னமான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போய்விடும். வராமல் தடுக்க, பதம் தாண்டிய பிறகு தகட்டை வைக்காதீர்கள்; வெள்ளைப் பூச்சுக்குத் துருப்பிடிக்காத எஃகுத் தகடு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மெருகுக்குப் பிளாஸ்டிக் தகடும் நன்றாகவே வேலை செய்கிறது.

தீற்றல் கறுப்பாக இல்லாமல் பழுப்பாக இருந்தால் அது துரு. அதை அசட்டை செய்ய வேண்டாம். தண்ணீர் கலந்த பெயின்ட் எத்தனை கோட்டு அடித்தாலும் துரு மேலே ஊறி வந்துவிடும். அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பட்டி வைப்பதுதான் நல்லது.

மயிர்வெடிப்பு

வெடிப்பு பட்டியில் மட்டுமா, அடியில் உள்ள சிமென்ட் பூச்சிலிருந்தே வருகிறதா என்று பார்க்க, ஒரு ரூபாய் நாணயம் அளவு சுரண்டிப் பாருங்கள். அடியிலும் கோடு தொடர்ந்தால் அது பூச்சு வேலையின் பிரச்சினை: நுண்தூள் அதிகமான மணல், சிமென்ட் கூடிப்போன கலவை, ஏழு நாளாவது நனைக்காமல் விட்டது, இப்படி ஏதாவது. மேலே எந்தத் தகட்டால் எதைப் போட்டாலும் வெடிப்பு திரும்ப வரும். பட்டியில் மட்டும் இருந்தால் ஒரே கோட்டில் கனமாக வைத்திருக்கிறீர்கள், அல்லது வெயில் நேரே விழுகிற சுவரில் வேலை செய்திருக்கிறீர்கள்.

சிமென்ட் பூச்சின்மேல் வழவழப்புக்காக வெறும் சிமென்ட் தூளைத் தூவி, தண்ணீர் தெளித்து, தகட்டால் மெருகேற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. தேய்க்கத் தேய்க்க சிமென்ட் பாலெல்லாம் மேலே வந்து, கண்ணாடி மாதிரி ஒரு தோல் உண்டாகும். அந்தத் தோல் சுருங்கி மீன்வலை மாதிரி வெடிக்கும். அதோடு, அடுத்து வருகிற பட்டிக்கு அங்கே பிடிமானமும் கிடைக்காது. பட்டி பார்க்கப் போகிற சுவரை மணியாஸ் கட்டையோடு நிறுத்திவிடுங்கள் என்று கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கையை வைத்தால் மாவாக ஒட்டுகிறது

இதில் தகட்டுக்குப் பங்கு கொஞ்சம்தான். காய்ந்த சுவர், தண்ணீர் கூடிய கலவை, துடைக்காத தூசி இந்த மூன்றில் ஒன்று இருக்கும். தண்ணீர் அளவு பையிலேயே அச்சிட்டிருக்கும்; பல பட்டிகளுக்கு ஒரு கிலோவுக்கு 350 முதல் 400 மில்லி வரை வரும். கண்ணளவு வேண்டாம், அளந்து ஊற்றுங்கள். தகட்டுக்கு இருக்கிற ஒரே பங்கு: இழுக்க இலகுவாக இருக்கட்டும் என்று தகட்டைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து இழுப்பது. அந்தத் தண்ணீர் மேற்பரப்பை நீர்க்கச் செய்து மாவாக்கிவிடும். ஈரத்துணியால் தகட்டைத் துடைத்துவிட்டு இழுப்பதே போதும்.

ஜிப்சம் பத்து நிமிடத்திலேயே இறுகிவிடுகிறது

சாதாரணமாக ஜிப்சம் பூச்சு கலந்த பிறகு 25, 30 நிமிடம் கை கொடுக்கும். அதற்கு முன்பே இறுகினால் மூட்டையைச் சந்தேகிக்கிற அதே வேகத்தில் உங்கள் கரண்டியையும் தொட்டியையும் சந்தேகியுங்கள். ஏற்கெனவே இறுகிய ஜிப்சம் துளி புதுக் கலவையில் விழுந்தால், பாலுக்கு உறை மோர் மாதிரி வேலை செய்யும். இறுகிய படிகத்தைச் சுற்றிப் புதுப் படிகங்கள் வேகமாக வளரும். ஆகவே ஒவ்வொரு கலவைக்கும் இடையே தொட்டியைக் கழுவுங்கள். தகட்டின் முதுகுப்பட்டை இடுக்கையும் சேர்த்துக் கழுவுங்கள். அந்த இடுக்கில்தான் எப்போதும் கொஞ்சம் ஒளிந்திருக்கும்.

ஜிப்சத்தில் வளையும் கரண்டிக்குரிய நேரத்தை விரல் சொல்லும். பூசி, அலுமினியக் கோலால் மட்டம் பார்த்து விட்டுவிடுங்கள். கட்டை விரலால் அழுத்தினால் குழி விழாமல் தடம் மட்டும் பதிகிற நேரத்தில், அகலமான மெல்லிய கரண்டியை எடுங்கள். அதற்கு முன்னால் இழுத்தால் அலை, பின்னால் இழுத்தால் கறுப்பு. குளியலறைக்கும் வெளிச்சுவருக்கும் ஜிப்சம் வேண்டாம். தொடர்ந்து ஈரம் படும் இடத்தில் அது நிற்காது.

உள்மூலையில் அசிங்கமாக வருகிறது

அகலத் தகட்டை மூலைக்குள் திணித்தால் ஒரு சுவரைச் சரி செய்யும்போது மறு சுவர் கீறுபடும். இன்று ஒரு சுவரின் மூலை, அது இறுகியதும் நாளை அடுத்த சுவரின் மூலை என்று 4 இன்ச் தகட்டால் முடியுங்கள். அவசரம் என்றால் மூலைக்கரண்டி வாங்கிக்கொள்ளலாம்.

புதுக் கரண்டியே சரியில்லை

கடையிலேயே பார்த்து வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. தகட்டின் விளிம்பைக் கண்ணுக்கு நேரே, துப்பாக்கி குறி பார்ப்பது போலப் பிடித்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரரின் கண்ணாடி மேசைமேல் விளிம்பை நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்றும் பாருங்கள். இரண்டு கையாலும் லேசாக வளைத்து விடுங்கள். பழைய நேருக்கே துள்ளித் திரும்ப வேண்டும். வளைந்த வாக்கிலேயே கொஞ்சம் நின்றால் வேண்டாம். வளைவு விளிம்பு நெடுக ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரு முனை மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. முகப்பில் ரிவெட் தலை தடவினால் விரலில் தட்டக் கூடாது. பிடியைப் பிடித்தால் விரல் முட்டி தகட்டில் இடிக்காத இடைவெளி இருக்க வேண்டும். நாள் முழுக்க இழுக்கிற கைக்கு இது சின்ன விஷயம் அல்ல.

முதன்முறை வாங்குகிறவருக்கு என் யோசனை: 8 இன்ச்சில் 0.7 மி.மீ. விறைப்புத் தகடு ஒன்று, 12 இன்ச்சில் 0.4 அல்லது 0.5 மி.மீ. வளையும் தகடு ஒன்று, மூலைக்கு 4 இன்ச் ஒன்று. 0.3 மி.மீ.யையும் 16 இன்ச்சையும் கை பழகிய பிறகு வாங்கலாம். சாதாரண கார்பன் எஃகு பழகப் பழக விளிம்பு பதமாகி நன்றாக இழுக்கும், ஆனால் ஒரு ராத்திரி ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும். கடற்கரை ஊர்களில் வேலை செய்கிறவர்கள் யோசிக்காமல் துருப்பிடிக்காத எஃகையே எடுங்கள்.

வாங்கியதும் அதிலிருக்கிற எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, மூலைகளை மழுக்கி, முதல் இரண்டு நாள் முதல் கோட்டு வேலைக்கோ கிடங்குச் சுவருக்கோ பயன்படுத்துங்கள். ஹால் சுவரில் நேரே கொண்டுபோய் வைக்காதீர்கள். பெயின்ட் டப்பா மூடியை நெம்புவதும், தரையில் விழுந்து இறுகிய சாந்தைச் சுரண்டுவதும் இந்தத் தகட்டால் கூடாது. ஒரு முறை மடங்கிய விளிம்பு நிமிராது. சாயங்காலம் கழுவி, துடைத்து, கார்பன் எஃகாக இருந்தால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, ஆணியில் மாட்டுங்கள். பக்கெட்டுக்குள் மற்ற சாமான்களோடு போட்டால் விளிம்பில் பல் விழும். மறுநாள் காலை சுவரில் வைப்பதற்கு முன் அந்த எண்ணெயை உலர்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது.